மலாவியில் பணி முடித்துச் சுங்கை சிப்புட் திரும்பும் தாதிக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஒரு தாதி, ஆப்பிரிக்க நாடான மலாவியிலிருந்து கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான். அந்நாட்டின் தென்பகுதியில், ஒரு மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலராகப் பணியாற்றி வருகிறார். ஒப்பந்தம் முடிய எட்டு வாரங்களே இருக்கின்றன. மருத்துவமனை நிர்வாகம் இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறது. வீட்டிலோ வேலை, திருமணம், வீட்டுப் பழுதுபார்ப்பு என்று எல்லாப் பேச்சும் தொடங்கிவிட்டது. "எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்றே தெரியவில்லை" என்கிறார். நானும் அதே ஊர்க்காரி. கம்போடியாவில் ஒரு மாகாண மருத்துவமனையில் இதே போன்ற பணியை முடித்துத் திரும்பியவள். அதன் பிறகு, வெளிநாடு செல்லும் தன்னார்வலர்களுக்குப் புறப்படுவதற்கு முன்பும் திரும்பிய பின்பும் வழிகாட்டும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறு மாத நீட்டிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பதிலாக வருபவர் யார், எந்தத் தேதியில் வருகிறார் என்பது எழுத்தில் இருந்தால், அவருடன் சேர்ந்து பணியாற்றும் சில வாரங்களுக்காக மட்டும் நீட்டிப்பதில் பொருள் இருக்கிறது. அப்படி ஒருவரும் இல்லாமல், "நீங்கள் போய்விட்டால் இந்தப் பிரிவை யார் பார்ப்பார்கள்" என்ற ஒரே காரணத்துக்காக நீட்டிக்கச் சொன்னால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு விடை இல்லையென்றால், நீங்கள் அங்கே இருக்கும்வரை யாரும் அதைத் தேடப்போவதில்லை. ஆறு மாதம் கழித்தும் அதே கேள்வியோடுதான் விமான நிலையத்துக்குப் போவீர்கள். நிர்வாகம் உங்கள்மேல் வைத்திருக்கும் அன்பு உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்புக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய கைம்மாறு, நீங்கள் இல்லாமலேயே அந்தப் பிரிவு நடக்கும்படி செய்துவிட்டு வருவதுதான். என் பதில் முழுவதும் இதைச் சுற்றியே அமையும்.

மலாவியிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது, நீங்களும் அதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி வைத்துத் துணியால் கட்டிப் பராமரிக்கும் கங்காரு முறை, 1978ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. 1999ல் மலாவியின் சோம்பா மத்திய மருத்துவமனைக்கு வந்தது. பிறகு நாட்டின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது. அதைக் கொண்டுவந்தவர்கள் மாறினாலும் முறை நின்றதற்கு ஒரு காரணம், அதற்கு வேண்டியவை அந்த ஊரிலேயே இருந்தன என்பதுதான். தாய் இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், இடுப்பில் சுற்றும் சிட்டெஞ்சே துணி ஒவ்வொரு பெண்ணிடமும் இருக்கிறது. பொருளும் கையும் அங்கேயே இருக்கும் வேலை, அதைக் கொண்டுவந்தவர் போன பின்பும் நடக்கும். உங்களுடைய இரண்டு ஆண்டு வேலையில் எது அப்படிப்பட்டது, எது உங்கள் கையை மட்டுமே நம்பி ஓடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகையில் இருப்பதைத்தான் இந்த எட்டு வாரத்தில் பிறர் கைக்கு மாற்ற வேண்டும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரமான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறத்தில் இருக்கும் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நன்றாகக் காயவைத்துத் திரும்பப் பொருத்த வேண்டும். மழைக்காலம் முடிந்து செம்மண் தூசி கிளம்பும் மாதங்களில் இதை விட்டுவிட்டால் இயந்திரம் சூடேறும், ஆக்சிஜனின் அடர்த்தி குறையும், குழந்தை மூச்சுக்குத் திணறும்; ஆனால் இயந்திரத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இந்த வேலையை இப்போது நீங்களே செய்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இருந்து புரிகிறது. இந்த வாரத்திலிருந்து அதைத் தொடாதீர்கள். அந்தப் பிரிவின் துப்புரவுப் பணியாளரோ இரவுத் தாதியோ ஒருவரைக் கேட்டு, அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் கைகட்டி நில்லுங்கள். அடுத்த வாரம் அறைக்கு வெளியே நில்லுங்கள். அதற்கடுத்த வாரம் போய்க் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள். செய்முறையைச் சிச்சேவா மொழியில் அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டும் தாளை ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் படிக்கமாட்டார்கள். மாற்று வடிகட்டி தீர்ந்தால் எந்தப் படிவத்தில், யாருடைய கையொப்பத்துடன், எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்பதையும் அவரே ஒருமுறை செய்து பார்க்கட்டும். இதுவரை உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால், அதை நிர்வாகத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்த உதவியால் நாளைக்குத் துன்பப்படப்போவது குழந்தைகள்தான்.

இந்த மாற்றம் கண்ணுக்கு முன்னால் நடக்கும்போது மனம் பொறுக்காது. அவர் மெதுவாகச் செய்வார், வேறு விதமாகச் செய்வார், ஒருநாள் மறந்தும்போவார். ஓடிப்போய் நீங்கள் செய்துவிடாமல் இருப்பதே இந்த எட்டு வாரத்தின் கடினமான பணி. குழந்தைக்கு ஆபத்து வரும் இடத்தில் மட்டும் கை கொடுங்கள், மற்ற இடங்களில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் எந்தப் புதுப் பயிற்சியையும் வைக்காதீர்கள். அது விடைபெறுவதற்கான காலம். அமெரிக்காவின் பீஸ் கோர் என்னும் தன்னார்வலர் படை 1961ல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ நாடுகளுக்கு ஆட்களை அனுப்பித் திரும்ப அழைத்த அமைப்பு. 1962 முதல் 1983 வரை நம் நாட்டிலும் அதன் தன்னார்வலர்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்தார்கள். அவர்களிடம் ஆங்கிலமும் கணிதமும் படித்தவர்கள் பேராக்கில் இன்றும் இருக்கிறார்கள். அந்த அமைப்பு, பணி முடிவதற்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்பே தன்னார்வலர்களைக் கூட்டி, வேலையை ஒப்படைப்பது, விடைபெறுவது, உடற்பரிசோதனை, வேலை தேடுவது ஆகியவற்றைப் பற்றிப் பேசவைக்கிறது. உங்கள் அமைப்பில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லையென்றால் நீங்களே நாள்காட்டியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

விடைபெறும்போது ஆள் ஆளாகப் போய்ப் பாருங்கள். மருத்துவமனை நடத்தும் கூட்டுப் பிரிவுபசாரம் ஒன்று நடக்கட்டும், அது போதாது. வாசற்காவலர், சலவைப் பெண்கள், சந்தையில் தக்காளி விற்றவர், உங்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கிராமத் தலைவர் என்று எல்லோரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். "கட்டாயம் திரும்பி வருவேன்", "மாதாமாதம் பணம் அனுப்புவேன்" என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வரும். அவற்றை அங்கேயே நிறுத்துங்கள். நிறைவேற்ற முடியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சிறிய வாக்கை மட்டும், தேதியுடன், கொடுங்கள். வீட்டுச் சாமான்களையும் கடைசி நாளில் கையில் அகப்பட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்காதீர்கள். யாருக்கு எது என்று முன்பே எழுதி, பெரிய பொருள்களை மருத்துவமனைக்கு ஒரு கடிதத்தோடு ஒப்படைத்துவிடுங்கள். போனவர் விட்டுச்சென்ற குளிர்பதனப் பெட்டிக்காக நல்ல நண்பர்கள் பேச்சை முறித்துக்கொண்டதை நான் அறிவேன்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். எந்தப் பிரிவில், எத்தனை படுக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பொறுப்பு என்பதெல்லாம் குறிப்பிட்ட பணிச்சான்று ஒன்று, முத்திரையோடும் கையொப்பத்தோடும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மலேசியத் தாதியர் வாரியத்தின் ஆண்டுத் தொழில் உரிமச் சான்றிதழ் இல்லாமல் நம் நாட்டில் எந்த மருத்துவமனையும் உங்களைப் பணியில் அமர்த்தாது. அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் கேட்பார்கள். மலாவியில் நீங்கள் பெற்ற பயிற்சிகளுக்கும் நடத்திய வகுப்புகளுக்கும் சான்று வைத்துக்கொண்டு, எவை கணக்கில் சேரும் என்று இப்போதே வாரியத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். வாகன ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டால் மறுபடியும் தேர்வு எழுதித்தான் பெற முடியும்; பேருந்து அரிதாக ஓடும் நம் ஊரில் அது பெருந்தொல்லை. ஓராண்டுக்கு மேல் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத வங்கிக் கணக்கைச் செயலற்றதாக்கிவிடுவார்கள். பணம் நிரப்பாமல் விட்ட பழைய கைப்பேசி எண் பறிபோயிருக்கும், வங்கிச் செயலியோ அந்த எண்ணைத்தான் கேட்கும். எனவே கணக்கை உயிர்ப்பிக்க அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்கு நேரில் போக ஒரு நாளை ஒதுக்குங்கள். மலாவியின் குவாச்சா நோட்டை ஈப்போவில் எந்த நாணய மாற்றுக் கடையிலும் மாற்ற முடியாது. மிச்சத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.

உடல்நலத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் தாதிகளாகிய நாம்தான் இதில் அலட்சியமாக இருப்பவர்கள். நீங்கள் தினமும் எடுக்கும் மலேரியா தடுப்பு மாத்திரை டாக்சிசைக்ளினாகவோ வாரம் ஒருமுறை எடுக்கும் மெஃப்ளோகுவினாகவோ இருந்தால், மலாவியை விட்டுப் புறப்பட்ட பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். வீட்டுச் சாப்பாட்டின் மகிழ்ச்சியில் முதலில் மறப்பது இதைத்தான். அதன் பிறகும் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் மருத்துவரின் மனத்தில் முதலில் எழுவது டெங்கி, அடுத்து எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா, உள்நாட்டிலேயே தொற்றியதாக 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் வகைதான் காட்டோரங்களில் இருக்கிறது. ஆகவே அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் பதிவு மேசையிலேயே, பெயரைச் சொல்வதற்கு அடுத்தபடியாக, "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். மலேரியாவிலேயே கொடிய வகையான ஃபால்சிபேரம் ஒரு நாள் தாமதத்தையும் பொறுக்காது. வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனெனில் காய்ச்சல் முற்றிய நிலையில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம்.

மலாவி ஏரியில் குளித்திருப்பீர்கள். அங்கே இருந்துவிட்டு அந்த நீரில் இறங்காதவர் அபூர்வம். ஏரியின் கரையோர நத்தைகள் வழியாக வரும் சிஸ்டோசோமியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் சிறுநீர்ப்பையையோ குடலையோ கல்லீரலையோ கெடுக்கும். கடைசியாக நீரில் இறங்கிய நாளிலிருந்து எட்டு வாரமாவது கழித்துத்தான் இரத்தப் பரிசோதனை சரியான விடை தரும். அதனால் புறப்படும் முன் செய்யும் பரிசோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். இப்போதிருந்தே ஏரியில் இறங்குவதை நிறுத்திவிட்டு, திரும்பிய பின் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோய் இருந்தாலும் பிராசிகுவாண்டல் மாத்திரையில் தீரும். காசநோய்ப் படுக்கைகளின் அருகே வேலை செய்திருப்பதால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். வேலையின்போது தவறுதலாக உங்கள் கையில் ஊசி குத்திய சம்பவம் ஏதேனும் இருந்தால் அதன் பதிவேட்டின் நகலையும் கொண்டு வாருங்கள்.

விமானச் சீட்டிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். மலாவி மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகளின் பட்டியலில் இல்லை, எத்தியோப்பியா இருக்கிறது. அடிஸ் அபாபாவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி சீட்டு அமைந்தால், கோலாலம்பூரில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் அந்தச் சான்று வாழ்நாள் முழுவதற்கும் செல்லும் என்பதால், முன்பே போட்டிருந்தால் மறுபடி போட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் திரும்பிய நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். தன்னார்வ அமைப்புகள் பலவும் பணி முடியும்போது ஒரு தொகையைத் தருகின்றன. பணியாற்றிய மாதங்களைக் கணக்கிட்டு அது அமைகிறது. உங்கள் வீட்டில் அதை வெளிநாட்டுச் சேமிப்பு என்று நினைப்பார்கள். கூரைத் தகரம் மாற்ற வேண்டும், தம்பியின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, மாமன் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும். இவை எல்லாம் நியாயமான தேவைகள்தாம். தோட்டக்குடும்பத்தில் ஒருவர் கைக்கு வந்த பணம் ஒருவருக்கே உரியதாக என்றும் இருந்ததில்லை. ஆனாலும் அந்தத் தொகை ஒரே ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்படுகிறது: வேலை கிடைக்கும்வரை அவசரப்படாமல் நீங்கள் மூச்சுவிட. ஒரு பங்கை, நீங்களே முடிவு செய்த அளவில், அம்மாவின் கையில் கொடுங்கள். மீதி மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் பரிசோதனைகளுக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள், வந்த இரண்டாம் வாரமே கிடைத்த முதல் வேலையில் சேர்ந்து, ஆறு மாதத்தில் அதை விட்டுவிடுகிறார்கள்.

இனி ஊரைப் பற்றி. திரும்பியவர்களின் மனநிலையை ஜான் குல்லஹார்ன், ஜீன் குல்லஹார்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1963ல் ஆங்கில எழுத்து டபிள்யூ வடிவக் கோடாக வரைந்து காட்டினார்கள்: வெளிநாட்டில் முதலில் ஒரு சரிவும் மீட்சியும், வீடு திரும்பிய பின் மறுபடியும் ஒரு சரிவும் மீட்சியும். எல்லோருக்கும் அந்தக் கோடு பொருந்துவதில்லை என்று பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. என் அனுபவத்திலும் அப்படித்தான். ஆனால் இரண்டாவது சரிவு ஒன்று உண்டு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய துணை. நீங்கள் வந்து இறங்கியதும் எல்லாரும் பார்க்க வருவார்கள், மூன்று நாள் வீடு நிறைந்திருக்கும். எவ்வளவு சம்பளம், அங்கே என்ன சாப்பாடு, பயமாக இல்லையா என்று கேட்பார்கள். நான்காம் நாள் பேச்சு அரிசி விலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் திரும்பிவிடும். மூச்சு நின்ற குழந்தையைத் தாயின் மார்பில் வைத்துத் தடவித் தடவி மீட்ட இரவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அதை அன்பின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்த்திராத ஓர் இடத்தைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. பாட்டியிடம் மட்டும் பேசிப் பாருங்கள். தோட்டத்து லயன் வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிள்ளை பெற்ற தலைமுறைக்கு நீங்கள் சொல்வது நன்றாகவே விளங்கும்.

உண்மையில், ஒப்பந்தத்துக்கு அயல்நாடு போய்த் திரும்புவது நம் தோட்டங்களுக்குப் பழைய கதை. 1907ல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி தமிழகத்திலிருந்து மலாயாவின் தோட்டங்களுக்கு ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது, உழைத்து ஓய்ந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் செலவழித்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களை யாரும் எதற்கும் தயார்ப்படுத்தவில்லை. இன்றைக்கு உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைக் குலை வெட்டுகிற வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளரும் ஒருநாள் இப்படித்தான் பெட்டி கட்டுவார். போவதற்கு முன் அவரைப் பார்த்த கண்ணும் திரும்பிய பின் பார்க்கும் கண்ணும் உங்களுக்கு வேறாக இருக்கும். அந்நிய மொழியில் மருந்துச்சீட்டைப் புரிந்துகொள்ள முடியாமல் நிற்பது என்னவென்று நீங்கள் அறிந்துவிட்டீர்கள். ஊரில் உங்களுக்கு வேலை தேடும் மாதங்களில், தோட்டத்து நோயாளிகளோடு கிளினிக்குக்குத் துணையாகப் போவது போன்ற ஒரு சிறு பொறுப்பை வாரம் ஒரு நாள் எடுத்துக்கொண்டால், கை சும்மா இருக்கும் வேதனை பெருமளவு குறையும்.

திருமணப் பேச்சைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாகாது. காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திரும்பிய முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் பெரிய முடிவுகள், அங்கே விட்டுவந்ததை ஈடுகட்டுவதற்காக எடுக்கப்படுகின்றன என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அதனால் இந்த வாரமே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து நான்கு செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: வரும் தேதி உறுதி, நீட்டிப்பு இல்லை, கொண்டுவரும் பணத்தில் வீட்டுக்கு இவ்வளவு, மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு மூன்று மாதம் கழித்து. அம்மா கொஞ்சம் வருத்தப்படலாம். ஆனால் விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் உறவினர்களுக்கு முன்னால் சொல்வதைவிட, இப்போது சொன்னால் அவருக்கு அதை மற்றவர்களிடம் எடுத்துச் சொல்ல எட்டு வார அவகாசம் கிடைக்கும்.